காற்றின் கணக்கும் மூச்சின் கணக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியமும் இசையும் மணக்கும் ஆண்டு விழா மேடையில் ஆலைப் புகையைப் பற்றிப் பேச எனக்கு இடமளித்த சங்கத்தார்க்கு முதற்கண் என் நன்றி உரியது. தொழிற்சாலைப் புகை மனிதரை எவ்வளவு தீண்டுகிறது என்பதைக் கணிப்பொறியின் துணையால் அறிவது எப்படி? இதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இது பொறியாளர் மன்றத்திற்கு உரிய பேச்சாயிற்றே, தமிழ்ச் சங்கத்தில் இதற்கென்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். இந்த ஊருக்கு நம்மவர் எதற்காக வந்தனர்? நூற்பாலைக்கும், விமானத் தொழிற்சாலைக்கும், தொலைபேசிக் கருவி செய்யும் சாலைக்கும், கட்டட வேலைக்கும் ஆள் வேண்டும் என்றபோது அன்றோ வந்தனர்? பிழைப்பு ஆலையைச் சுற்றி அமைந்தது. குடியிருப்பும் ஆலையைச் சுற்றியே அமைந்தது. ஆதலின் ஆலைப் புகையின் கணக்கு நம் வீட்டுக் கணக்கேயாகும்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் உள்ளது கோலார் தங்கவயல். 1880-ஆம் ஆண்டை ஒட்டி ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கம் தொடங்கியபின், வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக நம் மக்கள் சென்று குடியேறினர். இங்கு அமர்ந்திருப்போரில் தங்கவயலில் உறவில்லாதார் மிகச் சிலரே இருப்பர். பாறையைத் துளைக்கும்போது எழும் சிலிக்காத் தூள் நுரையீரலில் படிந்து மூச்சை இறுக்கும் நோயைச் சிலிக்கோசிஸ் என்பர். 1940-களில் அச்சுரங்கத் தொழிலாளர் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரை மருத்துவர் ஆய்ந்தபோது, நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர்க்கு அந்நோய் இருந்தது. ஆனால் தங்கவயலில் வாழ்ந்தோர் அனைவரும் அந்நோயுற்றாரல்லர். பாறையைத் துளைத்தவர் ஒருவர். மேலே அலுவலகத்தில் பேரேடு எழுதியவர் மற்றொருவர். இருவரும் ஒரே ஊரார். ஒரே கம்பெனியிடம் கூலி பெற்றவர். ஆயினும் ஒருவர் மார்பில் தூள் படிந்தது. மற்றவர் மார்பில் படியவில்லை.

இங்கேதான் நம் பொருளின் உயிர்நிலை உள்ளது. ஓர் ஊரின் காற்றில் எவ்வளவு மாசு உள்ளது என்பது காற்றின் கணக்கு. ஒரு மனிதன் எவ்வளவு மாசை உள்ளிழுத்தான் என்பது மூச்சின் கணக்கு. இவ்விரண்டும் வெவ்வேறு. நோய் தருவது இரண்டாவது கணக்கு; அரசு நிலையங்களின் கருவிகள் அளப்பதோ முதற் கணக்கு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாலமிடும் வேலையைத்தான் அறிஞர்கள் இன்று கணிப்பொறியிடம் ஒப்படைத்துள்ளனர்.

முதலில் காற்றின் கணக்கைப் பார்ப்போம்.

நம் முன்னோர் காற்றுக்குத் திசைதோறும் பெயர் வைத்தனர். வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அது எதைக் கொண்டுவருகிறது என்பதும் தெரியும். புகையைக் கணக்கிடுவோரும் முதலிற் கேட்பது இதையே: ஆண்டு முழுவதும் எத்திசைக் காற்று எத்தனை மணி நேரம், எவ்வளவு விரைவாக வீசியது? பெங்களூரில் தென்மேற்குப் பருவத்தில் மேலைக் காற்று மிகும். குளிர்காலத்தில் கீழ்த்திசையிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் காற்று மிகும். ஆகவே ஒரே புகைபோக்கி ஆடியில் ஒரு தெருவையும் மார்கழியில் வேறொரு தெருவையும் தீண்டும்.

அடுத்துக் கேட்பது புகைபோக்கியின் உயரம். புகைபோக்கியிலிருந்து எழும் புகை காற்றோடு சாய்ந்து, செல்லச் செல்ல விரிந்து, நடுவில் அடர்ந்தும் ஓரங்களில் ஐதாகியும் போவதைக் கண்டிருப்பீர்கள். அந்த விரிவு எவ்வளவு என்பதைக் கணித வாய்பாடாக எழுதலாம். புகை எழும் உயரத்தை இருமடங்காக்கினால், தரையில் அது மிகுதியாகப் படியும் இடத்தில் அதன் செறிவு ஏறத்தாழ நாலில் ஒன்றாகக் குறையும். ஆனால் புகை அழிந்துபோவதில்லை; அது தொலைவில் சென்று படியும். அருகிலிருப்போரைக் காத்த உயரம் தொலைவிலிருப்போர்க்குத் தீங்காதலும் உண்டு.

மூன்றாவது, காற்றின் குணம். வெயில் ஏறிய நண்பகலில் தரை சூடேறிக் காற்று கொந்தளிக்கும். புகை மேலெழுந்து கலந்துவிடும். தெளிந்த வானமுள்ள குளிர்கால இரவில் தரை முதலிற் குளிரும். குளிர்ந்த காற்று கீழும் வெப்பக் காற்று மேலுமாக அடுக்கி நிற்கும். மேலடுக்கு பானைக்கு இட்ட மூடிபோல் புகையை அடக்கி வைக்கும். 1952 டிசம்பரில் லண்டன் மாநகரை அத்தகைய மூடி ஐந்து நாள் மூடியபோது ஏறத்தாழ நாலாயிரம் பேர் மாண்டனர் என்று அன்று கணக்கிட்டனர். காற்றின் இக்குணத்தை, கொந்தளிப்பு முதல் அமைதி வரை, ஆறு வகையாகப் பிரித்து ஒழுங்குபடுத்தினார் பாஸ்குவில் என்னும் ஆங்கில வானிலை அறிஞர். 1961-இல் அவர் தந்த பாகுபாடு நெடுங்காலம் உலகெங்கும் வழக்கில் இருந்துவருகிறது.

திசை, விரைவு, குணம், புகைபோக்கியின் உயரம், வெளிவரும் புகையின் அளவு ஆகிய யாவற்றையும் ஆண்டின் 8,760 மணி நேரத்திற்கும் தனித்தனியே பெருக்கிக் கூட்டவேண்டும். இதைக் கையால் செய்ய ஓர் ஆயுள் போதாது. கணிப்பொறி சில நிமிடங்களில் முடித்துவிடும். முடிவில் ஒரு வரைபடம் கிடைக்கும். மலையின் உயரத்தைக் கோடுகளாற் காட்டும் படம்போல, புகையின் செறிவை அது கோடுகளாற் காட்டும்.

அன்பர்களே! இவ்வளவும் காற்றின் கணக்கே. அந்தப் படத்தில் மனிதர் இன்னும் தோன்றவில்லை.

மனிதரை அப்படத்துள் கொண்டுவருவது எப்படி? ஓர் எளிய கணக்கைச் சொல்கிறேன். இதில் வரும் எண்கள் முறையை விளக்குவதற்காக நானே வைத்துக்கொண்டவை. பீன்யாவை அடுத்து ஒரு குடும்பம் வாழ்கிறது. அங்குள்ள அளவைநிலையம், ஒரு கன மீட்டர் காற்றில் நுண்தூசி 50 மைக்ரோகிராம் என்று காட்டுகிறது. நம் நாட்டு விதிப்படி 24 மணி நேரத்துக்கு உரிய மேல்வரம்பு 60. ஆகவே குடும்பத்தார் யாவரும் நலம் என்று தோன்றும்.

இப்பொழுது ஒவ்வொருவரின் நாளையும் பிரித்துப் பார்ப்போம். தந்தை வார்ப்படப் பட்டறையில் 8 மணி நேரம் நிற்கிறார். அங்கே செறிவு 200. சாலையில் 2 மணி நேரம், அங்கே 150. வீட்டில் 14 மணி நேரம்; அங்கே 50. பெருக்கிக் கூட்டி 24-ஆல் வகுத்தால் 108 வருகிறது. தாய் 3 மணி நேரம் அடுக்களையில், அங்கே 120. எஞ்சிய 21 மணி நேரம் 50. அவருக்கு வருவது 59. மகன் 7 மணி நேரம் பள்ளியில், அங்கே 40. ஒரு மணி நேரம் சாலையில், அங்கே 150. எஞ்சிய 16 மணி நேரம் வீட்டில். அவனுக்கு வருவது 51. ஒரே கூரை, ஒரே நிலையம், ஒரே எண் 50. ஆனால் மூன்று மார்பு, மூன்று கணக்கு. குடும்பத்திற்குச் சோறு போடுபவரின் கணக்கு நிலையத்தின் எண்ணைப்போல் இருமடங்குக்கும் மேல்!

இம்முறையை ஒரு குடும்பத்தோடு நிறுத்தாமல் ஒரு நகரத்திற்கே விரித்தால் அதுவே மக்கள் ஏற்கும் மாசைக் கணிக்கும் படிமம். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெய்ன் ஆட் என்ற அறிஞர், மக்களின் அன்றாட நடமாட்டத்தைக் கணிப்பொறியில் ஓடவிட்டு இத்தகைய கணக்கைச் செய்து காட்டினார். அக்காலத்தில் அந்நாட்டு அரசு, நியூஜெர்சி மாநிலத்தின் இரசாயன ஆலைகள் நிறைந்த நகரங்களில் வாழ்ந்தோரிடம் சிறு கருவிகளைத் தந்து, சென்ற இடமெல்லாம் சுமந்துசெல்லச் செய்தது. பல இரசாயன ஆவிகள் வெளியிலிருப்பதைவிட வீட்டுக்குள்ளேயே இரண்டு முதல் ஐந்து மடங்கு மிகுந்திருக்கக் கண்டு ஆய்வாளரே வியந்தனர். வண்ணப்பூச்சும், புகையிலைப் புகையும், துணி வெளுக்கும் இரசாயனமும் அவற்றிற்குக் காரணங்களாயின.

இத்துறையில் தமிழ்நாட்டின் தொண்டும் சிறிதன்று. சென்னைப் போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் அவர்களும் அவர்தம் குழுவினரும் தமிழ்நாட்டுச் சிற்றூர் வீடுகளில் விறகடுப்புப் புகையை அளந்து 2002-இல் முடிவுகளை வெளியிட்டனர். 2004-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் ஆந்திரச் சிற்றூர்களை எடுத்துக்கொண்டு, எரிபொருள் எது, சமையலறையின் அமைப்பு என்ன, காற்றோட்டம் எப்படி என்ற சில கேள்விகளைக்கொண்டே அவ்வீட்டின் புகையை மதிப்பிடும் கணிதப் படிமத்தை அமைத்தனர். விடையளிக்க வேண்டியவர் அடுப்பின் முன் அமர்ந்திருந்த தாயே என்பதைக் கருதுங்கள். அவர் வாய் திறந்து சொன்னாலன்றிக் கணிப்பொறி எதையும் அறியாது.

வீட்டுப் புகையை ஆய்ந்த கிர்க் சுமித் என்னும் அறிஞர் ஒரு விதியைச் சொன்னார். வீட்டுக்குள் விடப்படும் ஒரு கிராம் மாசு, வெளியில் விடப்படும் ஒரு கிராமைவிட ஆயிரம் மடங்கு மிகுதியாக மனித மூச்சைச் சேரும் என்பதே அது. மாசு எவ்வளவு வெளிவருகிறது என்பதோடு, மூக்குக்கு எவ்வளவு அருகில் வெளிவருகிறது என்பதையும் கருதவேண்டும் என்பது இதன் பொருள்.

இதனை நம் நகரத்தோடு பொருத்திப் பாருங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆறு நகரங்களில் செய்வித்த ஆய்வில் பெங்களூரின் பங்கை டெரி என்னும் ஆய்வு நிறுவனம் ஏற்று 2010-இல் முடித்தது. அதன்படி நகரில் வெளியாகும் தூசிமாசு நூறு பங்கில் வண்டிகள் தருவது 42; சாலைப்புழுதி 20; கட்டட வேலை 14; தொழிற்சாலைகள் 14; டீசல் ஜெனரேட்டர்கள் 7; வீடுகள் 3. தொழிற்சாலையின் பங்கு 14 தானே என்று ஆறுதல் கொள்ளலாமா? உயர்ந்த புகைபோக்கி வழியே விண்ணில் விடப்படும் புகையும், பட்டறையின் பின்சுவரில் ஆள் உயரத்தில் நீட்டிய குழாய் வழியே சந்தில் விடப்படும் புகையும் காற்றின் கணக்கில் ஒரே எடையாகலாம்; மூச்சின் கணக்கில் ஒன்றாகா. மின்சாரம் நின்றவுடன் உறுமும் ஜெனரேட்டரின் 7 பங்கும் அவ்வாறே. அதன் புகை சாளரத்தின் உயரத்தில் அன்றோ வெளிவருகிறது? நகரத்தின் பங்கீட்டில் சிறிதாகத் தோன்றுவது, அடுத்த வீட்டில் வாழ்வோர்க்குப் பெரிதாகிறது.

மூச்சின் கணக்கை மறந்தால் விளைவது யாது? இதற்கு நம் நாடு கொடுத்த விலை யாவரும் அறிந்ததே. 1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு, போபால் நகரில் யூனியன் கார்பைடு தொழிற்சாலையிலிருந்து ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட் என்னும் நச்சு வெளியேறியது. காற்று மெல்ல வீசிய குளிர்கால இரவு. நான் முன்னர்ச் சொன்ன மூடி வானில் கவிந்திருந்தது. நச்சோ காற்றினும் கனமானது. அது தரையோடு தவழ்ந்து, தொழிற்சாலையின் வாயிலுக்கு எதிரே நெருங்கியிருந்த ஏழைகளின் குடிசைகளுட் புகுந்தது. உறங்கியவர் உறங்கியபடியே ஆயிரக்கணக்கில் மாண்டனர். 1987-இல் தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், அவ்விரவில் நச்சு பரவிய வழியைக் கணிதப் படிமத்தில் மீண்டும் வரைந்து காட்டினர். அவ்வாறு வரைய இயலுமாயின், விபத்துக்கு முன்னரே வரைந்து, அக்குடிசைகளில் எத்தனை உயிர்கள் உறங்குகின்றன என்று எண்ணிப் பார்த்திருக்கவும் இயலும் அன்றோ? 2020 மே 7-ஆம் நாள் விடியலுக்கு முன் விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் ஆவி கசிந்து பன்னிருவர் உயிர் நீத்தபோதும், ஆலையை ஒட்டிய ஊர் உறக்கத்தில் இருந்தது.

கணிப்பொறியை நான் குறை கூறவில்லை. அதற்குத் தெரியாதவை எவை என்பதை நாம் அறிதல் வேண்டும். ஒன்று: பழைய வாய்பாடுகள் காற்றின் விரைவால் வகுப்பவை. காற்றே அசையாத நேரத்தில் அவை தடுமாறும். புகை மிகுதியாகத் தேங்குவதோ அந்நேரத்தில்தான். இரண்டு: மக்கள் எங்கே உள்ளனர் என்பதைக் கணிப்பொறி பெரும்பாலும் குடிக்கணக்கிலிருந்து அறிகிறது. 2011-க்குப் பின் இந்நகரம் எவ்வளவு பெருகிற்று என்பதை நீங்களே அறிவீர்கள். குடிக்கணக்கு மனிதன் உறங்கும் இடத்தை எழுதுகிறது. உழைக்கும் இடத்தை எழுதுவதில்லை. பட்டறையின் மாடியிலேயே படுத்துறங்கும் பையன், இரவெல்லாம் வாயிலில் நிற்கும் காவலாளி, கட்டடம் முடிந்ததும் வேறிடம் பெயரும் கொத்தனார் குடும்பம், ஆலைச் சுவரோரம் இட்டிலிக் கடை வைத்திருக்கும் அம்மையார் ஆகிய இவர்கள் எந்தப் பதிவேட்டிலும் சரியாக அகப்படுவதில்லை. பெரும்பாலும் இவர்களே மிகுதியான புகையை ஏற்பவர்கள். பெங்களூரின் குடியிருப்புகளில் நுண்தூசியை அளந்து 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நடுத்தர மக்கள் வாழும் பகுதியைவிட ஏழை மக்கள் வாழும் பகுதியில் அது மிகுந்திருக்கக் கண்டது. கணக்கில் விடுபட்டவர் காப்பிலும் விடுபடுவர். இது கணிதத்தின் பிழையாகாது. கணிதத்திற்குச் செய்தி தரவேண்டியவர் தராமையால் வந்த பிழை.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில உள.

2006 செப்டம்பர் 14-இல் வெளியான மத்திய அரசின் அறிவிக்கையின்படி, பல பெருந்தொழில்கள் தொடங்கப்படுமுன் சுற்றுச்சூழல் அறிக்கை ஒன்று ஆக்கப்படவேண்டும். பொதுமக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டமும் நடைபெறவேண்டும். நான் சொன்ன புகை வரைபடம் அவ்வறிக்கையில் இருக்கும். அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியிலும் தரப்படும். இங்கே அது கன்னடம். நம்மிற் பெரியோர்க்கு அம்மொழியைப் படிப்பது அரிதாயினும், நம் பிள்ளைகள் பள்ளியில் கற்றுத் தாய்மொழிபோல் படிக்கின்றனர். அவர்கள் படித்துச் சொல்லட்டும். நாம் கேட்டு நம் கன்னட அண்டை வீட்டாரோடு சேர்ந்து கூட்டத்திற்குச் செல்வோம். புகைக்குக் கன்னடர் வீடு, தமிழர் வீடு என்ற வேறுபாடு தெரியாது. அங்கே மூன்று கேள்விகளைப் பணிவோடும் உறுதியோடும் கேட்போம். எந்த மாதங்களின் காற்றைக்கொண்டு இப்படத்தை வரைந்தீர்கள்? காற்று அசையாத இரவுகளை எவ்வாறு கணக்கிட்டீர்கள்? இக்கோடுகளுக்குள் வாழ்வோரையும் உழைப்போரையும் எண்ணினீர்களா?

பட்டறைகள் செறிந்த பகுதியின் சிறுதொழில்கள் பலவற்றிற்கு அத்தகைய கூட்டம் நடப்பதில்லை. ஆங்கே நம் சங்கம் போன்ற அமைப்புகளின் தொண்டு தேவைப்படுகிறது. தெருவுக்கு ஒரு தொண்டராக, பீன்யா, தாசரஹள்ளி, லக்கெரெ முதலிய பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களின் நாட்குறிப்பைத் திரட்டலாம். காலை முதல் இரவு வரை யார் எங்கே எத்தனை மணி நேரம் இருக்கின்றனர், அருகில் என்ன புகை வருகிறது, அடுப்பு எது, சாளரம் எப்பக்கம் என்னும் ஐந்தாறு கேள்விகள் போதும். இதற்குப் பட்டப் படிப்பு வேண்டா. எழுதத் தெரிந்த ஒரு மாணவி போதும். பெயர்களை நீக்கி, குடும்பத்தாரின் இசைவோடு அதனை ஆய்வாளரிடம் ஒப்படைத்தால், எத்தனை பொருள் செலவிட்டாலும் கிட்டாத செல்வமாக அவர்கள் அதை ஏற்பர். 2019-இல் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டத்தில் பெங்களூரும் இடம்பெற்றுள்ளது. அத்திட்டத்திற்கு நம் குடும்பங்கள் அளிக்கக்கூடிய காணிக்கை இதைவிடச் சிறந்தது வேறில்லை.

தங்கவயலின் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டது. தங்கம் போயிற்று, பாறையை அரைத்துக் கொட்டிய கழிவு மேடுகள் மட்டும் ஊரின் நடுவே நிற்கின்றன. சயனைடு மேடு என்று மக்கள் அவற்றைச் சொல்வர். வறண்ட நாட்களில் காற்று வீசும்போது அம்மேட்டுத் தூசி வீட்டு முற்றங்களில் படிகிறது. மண்ணுக்கடியில் இருந்தவர்களைத் தீண்டியதை மருத்துவர்கள் எண்ணினர். நோய் முற்றியபின் எண்ணினர். மண்மேல் வாழும் பேரப்பிள்ளைகளின் மூச்சை எண்ணும் பொறுப்பு நம்முடையது. நோய் வருமுன் எண்ணுவதற்கு வேண்டிய கருவி இன்று மனிதனின் கையில் இருக்கிறது. அக்கருவி கேட்கும் கேள்விக்கு விடை சொல்ல நாம் முன்வரவேண்டும்.